ஜட்ஜ் ஐயாவின் இடது காது

ஜட்ஜ் ஐயாவின் இடது காது மட்டும் கழன்று வருவேனா என்று அடம்பிடித்தது.

விஜேந்திரன் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பழைய அடையாள அட்டை உறையால் நெம்பிப் பார்த்தான். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தும் பார்த்துவிட்டான். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, கறுப்புக் கோட்டு சுருண்டு சுருண்டு வந்தது. இரண்டு கண்களும் பாதி மீசையும் அந்தக் காதும் மட்டும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்த ஆட்டோவின் பின்கண்ணாடியை விட்டு நகருவதாயில்லை. முகம் இல்லாத இடத்திலிருந்து இரண்டு கண்கள் அவனை முறைத்தன.

"முழுசா இருந்தப்பகூட மனுஷன் இவ்வளவு பயங்கரமா இல்ல," என்றாள் ஜீவராணி. அவன் மனைவி. எட்டு மாத வயிற்றோடு தோட்டத்து லயத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்டீ குடித்தபடி அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வேற ஏன் பயங்காட்டுற?"

"எங்கப்பா இதப் பாத்தாருன்னா ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு வர மாட்டாருங்க."

"ஒட்டியிருந்துச்சுன்னா எங்கம்மா வர மாட்டாங்க."

"அப்ப ரெண்டு கண்ண மட்டும் விட்டு வச்சா யாரு வருவாங்க?"

விஜேந்திரன் ஜட்ஜின் மீசையைச் சுரண்டினான்.

கதையை இந்த இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். கொய்யாமலைத் தேயிலைத் தோட்டம் தெமோதரையிலிருந்து நாலு மைல். அம்மன் கோயில் இருக்கும் சந்தியில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் ஏறினால் மேக்கணக்கு, இடது பக்கம் இறங்கினால் கீழ்க்கணக்கு. கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. கணக்கு இரண்டு, கோயில் ஒன்று, தேரும் ஒன்றே ஒன்று. அது காலங்காலமாக முதலில் மேக்கணக்குக்குப் போய், ஆற அமர எல்லாத் தேங்காயையும் உடைத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்துக்குக் கீழ்க்கணக்குக்கு வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் கீழ்க்கணக்குக்காரர்கள் தாங்களே மண் சுமந்து ரோட்டுக்குக் கொங்கிரீட் போட்டுவிட்டு, "இனிமே அம்மா எங்க பக்கந்தான் மொதல்ல வரணும்" என்றார்கள். வாய்த்தகராறு கைத்தகராறாகி, பொலிசுக்குப் போய், சின்னக் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் பதுளை டவுனில் மேல் நீதிமன்றம் வரைக்கும் ஏறிவிட்டது.

மேக்கணக்கின் சார்பில் வழக்குப் போட்டவர் மாடசாமி. ஜீவராணியின் அப்பா. கீழ்க்கணக்கின் சார்பில் எதிர்த்து நின்றவர் மாதர் சங்கத் தலைவி ஜெயலெட்சுமி. விஜேந்திரனைப் பெற்றவர். கல்யாணம் முந்தியும் வழக்கு பிந்தியும் நடந்ததால் தம்பதிகள் தப்பித்தார்கள். சம்பந்திகள் இரண்டு பேரும் ஒன்றரை வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் விஜேந்திரனைத் திட்டுவார்கள். அவன் ஆட்டோ நிற்பது சந்தியில். மேக்கணக்குக்காரரும் ஏற வேண்டும், கீழ்க்கணக்குக்காரரும் ஏற வேண்டும், அப்போதுதான் அவன் வீட்டு உலை கொதிக்கும்.

அந்த ஜட்ஜ் ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மாற்றலாகி வந்து ஏழு மாதந்தான். அதற்குள் அவரைப் பற்றி ஒரு கருத்து இல்லாத ஆளே அந்த வட்டாரத்தில் இல்லாமல் போயிற்று. வேலிச் சண்டையோடு வந்த அண்ணன் தம்பியை, இரண்டு பேரும் சேர்ந்து அந்த வேலியைக் கட்டிவிட்டு வரச் சொன்னாராம். கோர்ட்டுக்குள் போன் அலறிய வக்கீலை, வந்திருந்த அத்தனை பேருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னாராம். பாதிப் பேருக்கு அவர் சிங்கம், மறுபாதிக்குக் கழன்ற கேஸ். ஹாலிஎல தேநீர்க் கடையில் அவர் பேச்சு எடுத்தால் ரொட்டி ஆறி விறைத்துப்போகும் வரைக்கும் முடியாது. அவரை நேரில் பார்த்ததாகச் சொல்லும் ஆளைத்தான் எங்கேயும் காணோம்.

தேர் வழக்குக்குத் தீர்ப்பு நாள் போன புதன்கிழமை. அன்றைக்கென்று பேய் மழை பெய்து, மண் சரிந்து, டவுனுக்குப் போகிற ரோடு அடைபட்டுவிட்டது. வெளுத்த வேட்டியோடு மாடசாமி மேலேயும், இஸ்திரி போட்ட சேலையோடு ஜெயலெட்சுமி கீழேயும் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார்கள். பதினொன்றரை மணிக்கு மேக்கணக்கில் வெடிச் சத்தம் கேட்டது. கீழ்க்கணக்குக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஜெயலெட்சுமி உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய், சந்தியில் கீழ்க்கணக்குப் பக்கமாக ஒரு மூங்கில் நட்டு, கறுப்புக் கொடி ஏற்றினார்.

மறுநாள் வளைகாப்புக்குச் சொல்ல விஜேந்திரன் மாமனார் வீட்டுக்குப் போனான். தின்னத் தின்னப் பாற்சோறு வைத்தார்கள். அவன் கைகழுவி வெளியே வந்தபோது ஆட்டோவின் பின்கண்ணாடி முழுக்க ஜட்ஜ் ஐயா நின்றார். கீழே சிவப்பு எழுத்தில் 'நீதியின் சிங்கமே, நின் பாதம் பணிகிறோம்' என்று இருந்தது.

"எப்படி மச்சான்?" என்றான் ரஜீவ். ஜீவராணியின் தம்பி, பண்டாரவளையில் போன் கடையில் வேலை. "பேஸ்புக்ல இருந்து எடுத்துப் பெருசாக்குனேன். நம்ம தோட்டத்துல உங்க வண்டிக்குத்தான் மொத ஸ்டிக்கர்."

சாப்பிட்ட பாற்சோறு இன்னும் தொண்டையில் இருக்கையில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? விஜேந்திரன் பல்லைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

கீழே ஜெயலெட்சுமி பார்த்தார். அதிகம் பேசவில்லை.

"இந்த மூஞ்சி நிக்கிற வாசல்ல நான் நிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை உன் பொண்டாட்டிக்கு ஜட்ஜையே வளையல் போடச் சொல்லு."

அன்று மத்தியானம் கீழ்க்கணக்குக்காரர்கள் தெமோதரைக்கு நடந்தே போனார்கள். அவன் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே போய்க் கூப்பிட்டும் ஒருவரும் ஏறவில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சுரண்டல்.

கண்களை ஒரு சாக்குத் துண்டால் மூடிக் கட்டிக்கொண்டு ஹாலிஎலவுக்குப் புறப்பட்டான். சந்தியைத் தாண்டியதும் சாக்கு பறந்துவிட்டது. அவனுக்குத் தெரியாது. ஏன் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினான். ஹாலிஎலயை நெருங்கும்போது ரஜீவின் போன் வந்தது.

"மச்சான், என்ன வேல பாத்து வச்சிருக்கீங்க? உங்க வண்டி போட்டோ பேஸ்புக்ல ஓடுது. ஜட்ஜ் ஐயா மூஞ்சிய உரிச்சுப்புட்டுக் கண்ண மட்டும் வச்சிருக்கீங்க. இது கோர்ட் அவமதிப்பு, தெரியுமா?"

"அவமதிப்புன்னா?"

"ஆறு மாசம் உள்ள."

விஜேந்திரன் வண்டியை ஓரங்கட்டி மனக்கணக்குப் போட்டான். இன்னும் ஒரு மாதத்தில் பிரசவம். அவன் வெளியே வரும்போது பிள்ளை குப்புற விழத் தொடங்கியிருக்கும். அப்பா யாரென்று காட்டினால் அழும். அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

ஹாலிஎலயில் ஆட்டோவுக்குச் சீட் உறை, மாலை, ஸ்டிக்கர் எல்லாம் விற்பவர் ஸஹாப்தீன் நானா. அவர் வண்டியைச் சுற்றி வந்து, கண்களைப் பார்த்து ஓரடி பின்வாங்கி, தாடியைத் தடவினார்.

"இதச் சுரண்டினா கண்ணாடி போகும் தம்பி. மேல இன்னொண்டு ஒட்டோணும்."

"யாருக்கும் கோவம் வராததா ஒண்ணு குடுங்க நானா."

"அம்மன் படம் ஒண்டு ஈக்கி, எடுக்கவா?"

"அந்த அம்மாவாலதான் சண்டையே."

"சினிமா நடிகர்?"

"வேணாம். எங்க ஆளுங்க அதுக்கும் ரெண்டாப் பிரிஞ்சுருவாங்க."

ஸஹாப்தீன் நானா உள்ளே போய்த் தேடி, தூசி தட்டிக்கொண்டு வந்தார். பொன் நிறத்தில் ஒரு பெரிய தராசு. "நீதித் தராசு. ஒரு வக்கீல் காருக்கு வெட்டினது, அவர் எடுக்க வரல்ல. கோர்ட்டுக்கும் மரியாத, ஆளுக்கும் பிரச்சின இல்ல. இதுக்கு எவனும் குத்தஞ் சொல்லேலாது."

ஒட்டினார்கள். ஒரு தட்டு சரியாக ஜட்ஜ் ஐயாவின் இடது கண்ணையும் மறு தட்டு வலது கண்ணையும் மறைத்தன. தண்டு மீசையை மறைத்தது. காதின்மேல் நானா சும்மா ஒரு நட்சத்திரம் ஒட்டிவிட்டார். விஜேந்திரனுக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

சனிக்கிழமை காலை அவன் முகம் கழுவுவதற்குள் வாசலில் கூட்டம். நடுவில் அம்மா.

"தட்டப் பாருடா," என்றார் ஜெயலெட்சுமி.

பார்த்தான். கண்களை மறைப்பதில் இருந்த கவனத்தில் அவனும் நானாவும் அதைக் கவனிக்கவில்லை. தராசு லேசாகச் சாய்ந்திருந்தது. வலது தட்டு இரண்டு அங்குலம் கீழே.

"வலது பக்கம் யாரு இருக்கா? மேக்கணக்கு. அவங்க பக்கம் கனம், நம்ம பக்கம் காலி. ஊர் பூரா இதக் காட்டிக்கிட்டுத் திரியப்போறியா?"

"அம்மா, அது ஒட்டுனதுல ஒரு கோணல்."

"அந்த ஜட்ஜும் அப்படித்தான் சொல்லுவாரு."

விஜேந்திரனுக்கு அப்போது ஒரு நல்ல யோசனை தோன்றியது. நல்ல யோசனைகள் அந்த வாரம் முழுக்க அவனை விடவில்லை. கீழ்க்கணக்குக்குக் கோபமென்றால் மேக்கணக்குக்குச் சந்தோஷமாகத்தானே இருக்கும்? மாமனாரையாவது சமாதானப்படுத்தி வளைகாப்புக்குக் கூட்டி வரலாம் என்று மேலே ஓட்டினான். மாடசாமி வெற்றிலை வாங்கக் கிளம்பியிருந்தார். ஏற்றிக்கொண்டான்.

"அந்தக் கண்ண மூடிட்டீங்களாமே, மாப்பிள்ள. நல்லதாப் போச்சு," என்று பின்சீட்டில் சாய்ந்தவர் திரும்பிப் பார்த்தார். வெயில் கண்ணாடி வழியே அடித்துத் தராசை நிழல் கட்டிக் காட்டிற்று. உள்ளேயிருந்து பார்க்கிறவருக்கு வலது இடதாயிற்று.

"வண்டிய நிப்பாட்டுங்க."

"ஏன் மாமா?"

"எடது தட்டு எறங்கியிருக்கு. எடது பக்கம் கீழ்க்கணக்கு. கோர்ட்டே எங்க பக்கம்னு சொன்னப்புறம் நீங்க மாத்தி எழுதுறீங்களா?"

"வெளியில எறங்கி நின்னு பாருங்க மாமா, உங்க பக்கந்தான் கனம்."

"அப்ப உள்ள ஒக்கார்றவனுக்கு ஒரு நாயம், வெளிய நிக்கிறவனுக்கு ஒரு நாயமா?" மாடசாமி இறங்கி நடந்துவிட்டார்.

அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. விஜேந்திரன் பின்னாலேயே நடந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்குறேன். தீர்ப்புல சரியா என்னதான் எழுதியிருக்கு? ஒருவேள ஒரு வருஷம் உங்களுக்கு, ஒரு வருஷம் அவங்களுக்குன்னு இருந்தா எல்லாரும் சமாதானமாயிரலாமே. வக்கீல்கிட்ட கேப்போமா?"

"ஜெயிச்சதுக்கப்புறம் வக்கீல எதுக்குத் தொந்தரவு பண்றது?"

தோற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தான். "தோத்துப்போயி அவரு மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றார் ஜெயலெட்சுமி.

ரஜீவிடமும் கேட்டான். அவன் வாசலில் எரிந்த வெடிக் காகிதங்களைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"வெடிக்கு மட்டும் ரெண்டு பெட்டி முடிஞ்சுபோச்சு மச்சான். புதன்கிழம காலைல போட்டது அவரைப் பந்தல்ல எறங்குன குரங்குக்கு. கறுப்புக் கொடியப் பாத்தப்புறம் போட்டதுதான் ஜட்ஜ் ஐயாவுக்கு. தீர்ப்புல என்ன எழுதியிருக்குன்னா கேட்டீங்க? சிங்கம் எழுதுனா எப்படி எழுதியிருக்கும்? நீங்களே நெனச்சுப் பாருங்க."

விஜேந்திரனால் அதற்கு மேல் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தராசை முதலில் மறைக்க வேண்டும். மறுபடியும் ஹாலிஎல.

இந்தத் தடவை ஸஹாப்தீன் நானாவே சோர்ந்துபோனார். "ரெக்சின் துண்டொண்டத் தொங்க விடுவம். என்ன நெறம்?"

"சிவப்பு ஒரு தொழிற்சங்கம், வேணாம். பச்ச ஒரு கட்சி. நீலம் இன்னொரு கட்சி. கறுப்புன்னா எங்கம்மா கொடி."

"மிச்சம் ஈக்கிறது சாப்பாட்டு மேசைக்குப் போடுற பழம் போட்டது."

பெரிய பெரிய அன்னாசியும் திராட்சையும் அச்சடித்த ரெக்சின் ஒன்று பின்கண்ணாடி முழுக்கத் தொங்கியது. அன்னாசிக்கு இதுவரை கட்சி இல்லை. தோட்டத்துக்குத் திரும்பிய விஜேந்திரனை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நாலு நாளில் முதல் தடவையாக அவன் விசிலடித்தான். விசிலடித்துக்கொண்டே சந்தியில் வண்டியைத் திருப்புவதற்காகப் பின்னால் எடுத்தான்.

பின்னால் என்ன இருக்கிறதென்று அன்னாசி சொல்லவில்லை.

மடார் என்றொரு சத்தம். இறங்கிப் பார்த்தால் மூங்கில் இரண்டாக ஒடிந்து கிடந்தது. ஜெயலெட்சுமி ஏற்றிய கறுப்புக் கொடி பின்சில்லுக்கு அடியில்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மேக்கணக்குப் பக்கமிருந்து கைதட்டல் வந்தது. இறக்கத்தில் நாலைந்து பேர் ஓடிவந்து அவன் கழுத்தில் செவ்வந்தி மாலை ஒன்றைப் போட்டார்கள். கோயிலுக்குக் கட்டி வைத்த மாலை. "மாப்பிள்ளன்னா இப்படி இருக்கணும்," என்றார் மாடசாமி. காலையில் நடந்து போனவர் அவரேதான்.

இந்தப் பக்கம் திரும்பினான். தேயிலைக் கூடையோடு மலையிலிருந்து இறங்கிய அம்மா நின்றார். கொடியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது விஜேந்திரனுக்கு நெஞ்சில் குத்தியது. அப்பா செத்த பிறகு தனியாளாகக் கொழுந்து கிள்ளி அவனை வளர்த்தவர். தேர் முதலில் வருகிறதோ கடைசியில் வருகிறதோ, அது அவனுக்குப் பெரிய விஷயமில்லை. அம்மா அழக் கூடாது.

மாலையைக் கழற்றி வைத்தான். வேறொரு மூங்கில் வெட்டிவந்து, குழி தோண்டி, கொடியைத் துவைத்துப் பிழிந்து கட்டி, தன் கையாலேயே நிமிர்த்தி நட்டான். அவன் அண்ணாந்து பார்த்தபடி கொடியை ஏற்றுகிற அந்தக் கோலத்தை ரஜீவ் மேட்டிலிருந்து போனில் பிடித்தான். சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் பார்த்துவிட்டார்கள். 'மாலை போட்ட கைக்கு இந்தத் துரோகமா?' என்று மேலே எழுதியிருந்தது.

அம்மாவுக்கும் ஆறவில்லை. "ஒடிச்சது மாமனாருக்காக, நட்டது எனக்காகவா? நாளைக்கு நான் வெளிய வரல," என்று சொல்லிவிட்டுக் தன் லயத்துக் காம்பிரா அறைக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து பத்து மணியாயிற்று. ஏழு வகைச் சோறு கிளறி வைத்திருந்தது. வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் ஐம்பது. உட்கார்ந்திருந்தது ஒரு பூனை. மேக்கணக்கிலிருந்து ஒருவரும் இறங்கி வரவில்லை. மாடசாமி வராமல் கீழ்க்கணக்கு மட்டும் வந்து வளையல் போட்டால் அது நன்றாக இருக்காது என்று கீழ்க்கணக்கும் வரவில்லை.

சிவப்புப் பட்டில் பூச்சூடி உட்கார்ந்திருந்த ஜீவராணி அழுவாள் என்று விஜேந்திரன் பயந்தான். அவள் எழுந்து இடுப்பில் கைவைத்தாள்.

"ஒரு நாற்காலிய வண்டில ஏத்துங்க. என்னையும் ஏத்துங்க."

"எங்க?"

"சந்திக்கு. அது மேக்கணக்கும் இல்ல, கீழ்க்கணக்கும் இல்ல. இந்தப் புள்ளைக்கு வளையல் சத்தம் கேக்காமப் போகக் கூடாது. வர்றவங்க அங்க வரட்டும்."

"இதனால ஏதாச்சும் பெரிசாயிருச்சுன்னா?"

"நாலு நாளா நீங்க செஞ்சதவிடவா?"

கோயில் முன்னால், இரண்டு ரோடும் பிரிகிற இடத்தில் நாற்காலியைப் போட்டான். நிறைமாதத்தை நெருங்கிய பெண், பட்டும் பூவுமாக, தன்னந்தனியாக நடுச்சந்தியில். அவன் பக்கத்தில் குடை பிடித்து நின்றான்.

முதலில் மேட்டில் ஒரு தலை தெரிந்தது. பிறகு பள்ளத்தில் ஒன்று. வயிற்றுப் பிள்ளைக்காரி வெயிலில் உட்கார்ந்திருப்பதை எத்தனை நேரம் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருப்பது? மேலேயிருந்து ஜீவராணியின் அம்மா, புருஷனைத் திரும்பியும் பார்க்காமல், தாம்பாளத்தோடு இறங்கினார். பின்னால் பெண்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால், தான் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே மாடசாமியும் இறங்கினார். கீழேயிருந்து ஜெயலெட்சுமி புதுச் சேலையில் ஏறி வந்தார். பின்னால் மாதர் சங்கம். அரை மணியில் சந்தி நிறைந்துவிட்டது.

வளையலும் வந்து சேர்ந்தது. றஷீதா, பதுளையிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு வந்து தோட்டந்தோட்டமாக வளையல் விற்கிறவள். ஜீவராணி போன வாரமே சொல்லி வைத்திருந்தாள். பஸ்ஸை விட்டிறங்கி, கூட்டத்தைப் பார்த்து மலைத்து, நாற்காலி ஓரத்தில் குந்திப் பெட்டியைத் திறந்தாள். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள் மின்னின.

"சரி, மொத வளையல் யாரு போடுறது?" என்று யாரோ ஒரு புண்ணியவதி கேட்டாள்.

அவ்வளவுதான்.

"பெத்தவ போடணும்," என்றார் மாடசாமி. "மேக்கணக்குதான் மொதல்ல. கோர்ட்டே சொல்லிருச்சு."

"கோர்ட்டு சொன்னது தேருக்கு. வளையலுக்கில்ல," என்றார் ஜெயலெட்சுமி. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு சம்பந்திகள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது.

"தீர்ப்புன்னா எல்லாத்துக்குந்தான்."

"அது ஒரு தீர்ப்பு, அவரு ஒரு ஜட்ஜு. கண்ணத் தொறந்து பாத்து எழுதுன தீர்ப்பா அது?"

"சிங்கத்தப் பாத்து அப்படிப் பேசாதீங்க."

"ஒங்களுக்குச் சாதகமா எழுதுனா சிங்கம். எழுதாட்டி?"

மேட்டுக் கூட்டம் ஜட்ஜ் ஐயாவின் நேர்மையைப் பற்றிப் பேசியது. பள்ளத்துக் கூட்டம் அவருடைய மூளையைப் பற்றிப் பேசியது. புதன்கிழமை அவர் எப்படி நிமிர்ந்து உட்கார்ந்து, எப்படிக் கண்ணாடியைக் கழற்றி, எப்படி மேசையைத் தட்டித் தீர்ப்பை வாசித்தார் என்று ரஜீவ் நடித்தே காட்டினான். அப்படி வாசிக்கும்போது அவருக்கு நாக்குக் குழறியது என்று மாதர் சங்கத்தில் ஒருத்தி அடித்துச் சொன்னாள்.

விஜேந்திரன் குடையைக் கீழே போட்டான். "என் புள்ள கேட்டுக்கிட்டு இருக்குங்க," என்றான். "அது பொறக்குறதுக்கு முந்தியே இந்தச் சந்தில எந்தப் பக்கம் நிக்கணும்னு அதுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க. யாராச்சும் ஒருத்தர் ஒரு வளையலப் போடுங்க. யாரா இருந்தாலும் சரி."

யாரும் முன்னால் வரவில்லை. யாராவது முன்னால் வந்தால் மற்றவர் விடப்போவதில்லை.

றஷீதாவுக்கு இந்த முதல் வளையல் வழக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடி வளையல் விற்கிறவள் தன் கையாலேயே போட்டுவிடுவதுதான் எல்லாத் தோட்டத்திலும் அவளுக்கு வழக்கம். ஆளாளுக்குப் போட்டால் உடையும், உடைந்தால் கையைக் கிழிக்கும். அவள் பாட்டுக்கு ஜீவராணியின் கையை எடுத்து மடியில் வைத்து, சவர்க்காரம் தடவி, விரல்களைக் குவித்து அமுக்கி, ஒரு பச்சை வளையலைச் சுழற்றி ஏற்றிவிட்டாள். மணிக்கட்டில் அது விழுந்த சத்தம் சந்தி முழுக்கக் கேட்டது.

ஜீவராணி சிரித்தாள். மாடசாமியும் ஜெயலெட்சுமியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, அப்படியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

றஷீதா அடுத்த வளையலை எடுத்துக்கொண்டே நிமிர்ந்து கேட்டாள்:

"நானும் வந்ததுலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் ஈக்கிறேன், நீங்க எல்லாரும் எந்தத் தீர்ப்பப் பத்திப் பேசுறீங்க? புதன்கிழம எண்ட காணி வழக்குக்கு நானும் அந்தக் கோர்ட்லதானே குந்திக்கிட்டு இருந்தேன். ஜட்ஜ் ஐயா பல்லுப் புடுங்கப் போயிட்டார், ஆளே வரல்லண்டு சொல்லி, உங்கட தேர்க் கேஸையும் சேத்து எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குல்லா தவண போட்டாங்க."